நாற்பத்தோராம் நம்பர் பாட்டில்

மாமியார் ஒருத்தி மருமகளுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு துப்பறியும் அலுவலகத்தின் படியேறி வருவாள் என்று யாராவது சொல்லியிருந்தால், அங்கே உதவியாளனாக இருந்த கொழுந்தன் தன் மீசையை எடுத்துவிடுவதாகப் பந்தயம் கட்டியிருப்பான். நல்லவேளை, யாரும் சொல்லவில்லை. மீசை தப்பித்தது.

காலை ஒன்பது மணிக்கு வந்த அந்த அம்மா உட்காரக்கூட இல்லை. கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அலுவலகம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இருந்தது, ஆனால் அது ஓடி யாரும் பார்த்ததில்லை.

"என் மருமக பொய் சொல்ல மாட்டா. அதை நீங்க நிரூபிச்சுக் கொடுக்கணும்," என்றாள்.

"முதல்ல உட்காருங்கம்மா," என்றாள் அண்ணி.

அண்ணி இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரிந்துபோன கடைகளைப் பார்த்து, எது தானாக எரிந்தது, எதை முதலாளி எரித்தார் என்று சொல்வது வேலை. அது அலுத்துப்போய் இந்த அலுவலகத்தைத் திறந்தாள். கொழுந்தன், அதாவது அவள் கணவனின் தம்பி, டாக்சி ஓட்டி, திரைச்சீலை விற்று, போட்டோ ஸ்டூடியோ வைத்து, மூன்றிலும் கையைச் சுட்டுக்கொண்டு அவளிடமே உதவியாளனாகச் சேர்ந்திருந்தான். வேலை என்ன என்று யாராவது கேட்டால், "அண்ணி யோசிப்பாங்க, நான் பேசுவேன்" என்பான்.

"பொய் சொல்ல மாட்டாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"மூணு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். தினமும் நான் சமைச்சதை வாயில வச்சதும், 'உப்பு கம்மி அத்தை'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. விருந்தாளி எதிர்லயும் சொல்லுவா. ஒரு நாளாவது, பேச்சுக்காவது, நல்லாயிருக்குன்னு சொன்னதில்ல. அப்படிப்பட்டவளா ஆராய்ச்சியில போய்ப் பொய் சொல்லப் போறா?"

"இதைவிட நோஞ்சான் சாட்சியெல்லாம் கோர்ட்டுல ஜெயிச்சிருக்கு அண்ணி," என்றான் கொழுந்தன்.

"நோஞ்சான் இல்ல. நல்ல சாட்சிதான்," என்று அண்ணி பேனாவைத் திறந்தாள். அவள் பேனாவைத் திறந்தால் கேஸை எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

மாமியார் கொட்டித் தீர்த்தாள். மருமகள் செடிகளிலிருந்து மருந்து தேடும் ஆராய்ச்சிக்காரி. புற்றுநோய் பரவாமல் தடுக்கும் ஏதோ ஒன்று ஓர் இலையில் இருக்கிறது என்று ஆறு மாதத்துக்கு முன்னால் கண்டுபிடித்தாள். எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அப்புறம் அதே இலையை நான்கு தடவை அரைத்துப் பார்த்தும் ஒன்றுமில்லை. முதல் பாட்டிலில் அவள்தான் வேறு எதையோ கலந்துவிட்டாள் என்று இப்போது பேச்சு. தூக்கிவைத்தவர்களே தொப்பென்று கீழே போட்டுவிட்டார்கள்.

"இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுது. கலப்படம்னு முடிவாச்சுன்னா இனி எந்த லேப்லயும் அவளைச் சேர்க்க மாட்டாங்க. ரெண்டு நாளா அவ பல்லுல பச்சைத் தண்ணி படல," என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். டிபன் கேரியரை மடியில் இறுக்கிக்கொண்டாள். "நேத்து கொடுத்தனுப்பினதும் அப்படியே திரும்பி வந்துடுச்சு. குறை சொல்றதுக்காகவாவது ஒரு வாய் சாப்பிடக் கூடாதா?"

கொழுந்தன் கார் சாவியை எடுத்தான்.

*

ஆய்வுக்கூடம் ஒரு நீளமான மூன்று மாடிக் கட்டிடம். மருமகளின் அறையில் அலமாரி நிறையக் குட்டி பாட்டில்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நம்பர். மருமகள் ஒல்லியாக இருந்தாள், மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதை நூல்போட்டுக் கட்டியிருந்தாள். வாசலில் இவர்களைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"அத்தை அனுப்பினாங்களா? வேண்டாம்னு சொன்னேனே."

"பாட்டில்ல ஏதாவது கலந்தீங்களா?" என்று அண்ணி நேராகக் கேட்டாள்.

"இல்ல."

அண்ணி காத்திருந்தாள். எரித்த முதலாளிகள் எல்லோரும் 'இல்லை'க்குப் பிறகு அரைமணி நேரம் பேசுவார்கள். இவள் பேசவில்லை.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்?"

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "சரி. எட்டாங்கிளாஸ் படிச்சவனுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுங்க. இவனுக்கும் புரியணும்."

மருமகள் ஒரு வட்டத் தட்டை எடுத்து வைத்தாள். "புற்று பிறந்த இடத்துலயே உட்கார்ந்திருந்தா பாதிக் கவலை விட்டுது. வெட்டி எடுத்துடலாம். அது கிளம்பி, ரத்தத்தோட போய், ஈரல்லயும் எலும்புலயும் குடியேறுது பாருங்க, அதுலதான் ஆள் போறாங்க. அதனால நாங்க தேடறது புற்றைக் கொல்ற மருந்தை இல்ல. அதோட நடையை நிறுத்தற மருந்தை."

"ஊரடங்கு உத்தரவு," என்றான் கொழுந்தன்.

"அப்படியும் சொல்லலாம்." சிரிக்கவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டாள். "தட்டு நிறையப் புற்று செல்லை வளர்ப்போம். நடுவுல ஒரு கோடு கீறுவோம். மறுநாள் பார்த்தா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் செல் நகர்ந்து வந்து கோட்டை மூடியிருக்கும். அறுபது செடியோட சாறைப் போட்டுப் பார்த்தோம். அம்பத்தொன்பதுலயும் கோடு மூடிடுச்சு. நாற்பத்தோராம் நம்பர், அது ஒரு கொடி, அதோட சாறு போட்ட தட்டுல மட்டும் கோடு கோடாவே நின்னுது. செல் சாகல. உயிரோட, போக வழியில்லாம உட்கார்ந்திருந்தது. மூணு தடவை செஞ்சேன். மூணு தடவையும் நின்னுது."

சொல்லும்போது அவள் முகம் ஒரு நிமிடம் பளிச்சென்று ஆயிற்று. அப்புறம் அணைந்துவிட்டது.

"அந்த பாட்டில் அநேகமா தீர்ந்துடுச்சு. புது இலை வாங்கி அரைச்சேன். நாலு தடவை. நாலு தடவையும் கோடு மூடிக்கிச்சு. இன்னொரு சோதனையும் இருக்கு. வெள்ளைப் பட்டை ஒண்ணுல சாறைப் புள்ளியா வச்சு, அடியை ஒரு திரவத்துல நிறுத்தினா, சாறுல இருக்கற ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு உயரத்துக்கு ஏறி நிக்கும். ஊதா விளக்குல பார்க்கலாம். முதல் பாட்டில்ல ஒரு நீலப்புள்ளி இருந்தது. மத்த நாலுலயும் இல்ல."

"அதனால நீலப்புள்ளி நீங்க கலந்ததுங்கறாங்க."

"அவங்க இடத்துல நான் இருந்தா நானும் அப்படித்தான் சந்தேகப்படுவேன்."

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். "எதிர்க்கட்சி வக்கீலை நாமளே காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கு அண்ணி."

முதல் பாட்டிலில் இரண்டு சொட்டு மிச்சம் இருந்தது. அதை, அவள் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியர் சீல் வைத்துத் தன் அறை ஃப்ரிட்ஜில் பூட்டியிருந்தார். மற்றபடி இருந்த ஒரே சாட்சி மருமகளின் நோட்டுப் புத்தகம். அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டு, எரிந்த கடையின் சரக்குப் பட்டியலைப் படிக்கும் அதே நிதானத்தோடு விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். இலை வந்த தேதி. எடை. எத்தனை மணி நேரம் காய்ந்தது. சலித்தபோது கிடைத்த குப்பை.

விரல் நின்றது.

"முதல் மூட்டையில 'குப்பை: கறுப்பு மணல், அரைக் கரண்டி. உருண்டை, எல்லாம் ஒரே அளவு'ன்னு எழுதியிருக்கீங்க. அடுத்த நாலு மூட்டையிலயும் 'குப்பை: இல்லை.'"

"ஆமா. இலையில மண்ணு ஒட்டியிருக்கும். சல்லடையில நின்னுது, கொட்டிட்டேன்."

"குப்பையைக் கூட எழுதி வச்சிருக்கீங்க?"

"இருந்தது. எழுதினேன்."

அண்ணி நோட்டை மூடினாள். "இலை எங்கேர்ந்து வருது?"

"பின்னாடி கண்ணாடி வீட்டுலேர்ந்து. தோட்டக்காரர் பறிச்சு மூட்டை கட்டி அனுப்புவார்."

படியிறங்கும்போதே கொழுந்தன் கேஸை முடித்துவிட்டான். "வெட்ட வெளிச்சம் அண்ணி. முதல் மூட்டையில மணல் இருக்கு. அப்படின்னா அது ஏதோ ஆத்தங்கரையில பறிச்ச அசல் சரக்கு. அப்புறம் வந்ததுல மணல் இல்ல. அது தோட்டத்துல வளர்ந்த போலி. ஆள் இலையை மாத்திட்டான். அசலை வேற யாருக்கோ தள்ளிவிட்டுட்டான்."

"ஆத்து மணல் எல்லாம் உருண்டையா, ஒரே அளவா இருக்குமா?"

"கொஞ்சம் நல்ல ஆறா இருந்திருக்கும்."

*

கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் கொழுந்தனின் கூலிங் கிளாஸில் ஆவி படிந்துவிட்டது. அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் எங்கும் பச்சை. தோட்டக்காரர் ஆறடி ஆள், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஈரத்துணி. நாற்பத்தோராம் நம்பர் கொடி கம்பிப் பந்தலில் வரிசையாக ஏறியிருந்தது. ஒரு இலையில்கூடத் தூசி கிடையாது.

"முகம் பார்க்கலாம் என் இலையில," என்றார். "ஒவ்வொண்ணையும் துடைச்சு வச்சிருக்கேன். என் பொண்ணு கல்யாணத்துக்குக் கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்ல."

தண்ணீர், உரம், வெயில் என்று அண்ணி கேட்டதற்கெல்லாம் மடமடவென்று பதில் வந்தது. கடைசியாக, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டாள். "முதல் மூட்டையை எந்தக் கொடியிலேர்ந்து பறிச்சீங்க?"

தோட்டக்காரர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"இங்கேர்ந்துதான். எல்லாம் இங்கேர்ந்துதான்." குனிந்து துணியை எடுக்கிற சாக்கில், துணிபோட்டு மூடிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். "நான் கதவைச் சாத்தணும். சாப்பாட்டு நேரம்."

மணி பதினொன்றரை.

வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருவரும் பதுங்கினார்கள். "நான் அப்பவே சொன்னேன்ல," என்று கொழுந்தன் கிசுகிசுத்தான். "வாளியைப் பார்த்தீங்களா? அசல் இலை அதுக்குள்ளதான் இருக்கு."

"பதினொன்றரைக்குச் சாப்பிடறவர் சோத்து மூட்டையை எடுக்கல. வாளியை எடுக்கறார் பாரு."

தோட்டக்காரர் வாளியோடு வெளியே வந்தார். இடம் வலம் பார்த்தார். கதவைப் பூட்டிவிட்டு, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு முடிந்த மட்டும் பூனைநடை நடந்து, உரக்குழிக்குப் பின்னால் போனார். இவர்கள் பின்தொடர்ந்தார்கள். கொழுந்தன் பின்தொடர்ந்த லட்சணத்தில் தண்ணீர்க் குழாயை மிதித்து, அது பிய்த்துக்கொண்டு, இடுப்புவரை நனைந்தான். சத்தம் கேட்டுத் தோட்டக்காரர் திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது.

"அசையாதீங்க!" என்று கத்தினான் கொழுந்தன், சொட்டச் சொட்ட. "கையும் களவுமா பிடிபட்டாச்சு. வாளியில என்ன?"

பதிலுக்குக் காத்திருக்காமல் துணியை விலக்கிக் கையை உள்ளே விட்டான். இலை என்று நினைத்து ஒரு பிடி அள்ளினான். அள்ளியது அவன் விரலைச் சுற்றி மெதுவாக ஊர்ந்தது. அவன் போட்ட கூச்சலில் மூன்றாவது மாடி ஜன்னல்கள் இரண்டு திறந்தன.

வாளி நிறையப் பச்சைப் புழுக்கள். சுண்டுவிரல் நீளம், கொழுகொழுவென்று, முப்பது இருக்கும். வாளியின் அடியில் அரைக் கரண்டி அளவுக்குக் கறுப்பாக எதுவோ கிடந்தது. உருண்டை. எல்லாம் ஒரே அளவு.

அண்ணி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது. "தம்பி, மாடியில நீ ரோஜா வச்சியே, நினைவிருக்கா?"

"ஒரே வாரத்துல மொட்டையாயிடுச்சே. கீழே தரையெல்லாம் இதே மாதிரி கறுப்பு உருண்டை. அண்ணன் மிளகுன்னு நினைச்சு..." கொழுந்தன் நிறுத்தினான். "ஐயய்யோ. மணல் இல்ல. அது புழு காலைக்கடன் கழிச்சது."

"உன் நல்ல ஆறு இந்த வாளிக்குள்ள ஓடுது," என்றாள் அண்ணி. பிறகு தோட்டக்காரரைப் பார்த்தாள். "சொல்லுங்க. யாரும் உங்களைத் திட்டப் போறதில்ல."

தோட்டக்காரர் உரக்குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "பூச்சி வந்தா மருந்தடிச்சுக் கொல்லணும்னு இங்கே விதி. எனக்கு மனசு வரல. கையால பொறுக்கி, இங்கே கொண்டாந்து விட்டுடறேன். வெளியில தெரிஞ்சா வேலை போயிடும்."

அவருக்குப் பின்னால் உடைந்த வேலி ஒன்று. அதன்மேல் கவனிப்பாரில்லாமல் ஒரு கொடி அப்பிக் கிடந்தது. அதே நாற்பத்தோராம் நம்பர். ஆனால் ஒரு இலையாவது முழுதாக இருக்க வேண்டுமே! எல்லாம் சல்லடை.

"முதல் மூட்டை?"

"இதுலேர்ந்துதான்." அவர் தலை குனிந்தது. "அன்னைக்கு அது அறுபதுல ஒண்ணு. யாரும் கண்டுக்கல. அந்த வாரம் பார்வையாளர்கள் வர்றதா இருந்தாங்க. முன்னாடி இருக்கற அழகான கொடியை மொட்டையடிக்க மனசில்லாம, கழிச்சுவிட்ட கொடியிலேர்ந்து பறிச்சுக் கொடுத்துட்டேன். அப்புறம் அந்த இலையிலதான் மருந்து இருக்குன்னாங்க. ஓட்டை இலையையா கொடுத்தோம்னு பயந்துட்டேன். பேராசிரியரே நேர்ல வந்து, இனிமே முதல் தரம் மட்டும்தான் வேணும்னார். அன்னையிலேர்ந்து நல்லதா மட்டும்தான் கொடுக்கறேன். சத்தியமா."

வாளியைத் திரும்பத் துணிபோட்டு மூடினார். "என் அக்காவுக்கு இதே நோய் வந்து, ஆபரேஷன் பண்ணிப் பிழைச்சாங்க. இப்ப நல்லா இருக்காங்க. ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்குப் போறப்போ, எங்கேயாவது பரவியிருக்குமோன்னு வீடே மூச்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கும். அதுக்கு மருந்து தேடறாங்கன்னா நான் எப்படி ஓட்டை இலை கொடுப்பேன்? ஒவ்வொரு புழுவா பொறுக்கினேன்."

அண்ணி கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். "போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா. ஓடு."

மருமகள் வந்தாள். வேலியைப் பார்த்தாள். ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டைகள் வழியாக அவள் முகத்தில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. பளாரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இதை நான் காலேஜ்ல முதல் வருஷமே படிச்சேன்! செடியால ஓட முடியாது. கடிக்க வர்றவனை அடிக்கக் கை கிடையாது. அதால முடிஞ்சது ஒண்ணுதான். கடி விழுந்ததும் உடம்புக்குள்ள ஏதாவது கசப்பா தயார் பண்ணும். பல செடி அப்படிச் செய்யும். கடியே விழலைன்னா எதுக்குத் தயார் பண்ணணும்?"

"நாலு மூட்டையும் கடிபடாத இலை," என்றாள் அண்ணி.

"முதல் தரம்," என்றான் கொழுந்தன்.

தோட்டக்காரர் மெதுவாக எழுந்து நின்றார். "அப்போ நான்தான் கெடுத்தேனா?"

வேறு யாராக இருந்தாலும் 'சேச்சே' என்றிருப்பார்கள். மருமகள் யோசித்தாள். "ஆமா," என்றாள். "நானும்தான். நல்ல இலைன்னா முழு இலைன்னு நானும் நினைச்சேன். பேராசிரியரும் நினைச்சார். உங்களை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று சொல்லிவிட்டு, கொழுந்தன் கொஞ்சமும் எதிர்பார்க்காத விதமாக, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "இத்தனை புழுவையும் நீங்க கொன்னிருந்தா இந்தக் கொடியும் சுத்தமா இருந்திருக்கும். எனக்குக் காட்டறதுக்கு ஒரு ஓட்டை இலை கூட மிஞ்சியிருக்காது."

அவள் வேலிப்பக்கம் கையை நீட்டியதும் அண்ணி தடுத்தாள். "நீங்க தொடக் கூடாது. இனி நாலு மணிவரைக்கும் ஒரு இலையைக் கூட, ஒரு பாட்டிலைக் கூட. கலந்தீங்கன்னு சொன்னவங்க கையாலயே இதைச் செய்ய வைக்கணும்."

*

விசாரணைக் குழு நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவி, வெள்ளை முடி, காதில் பென்சில். ஒரு பக்கம் பேராசிரியர், பிடிக்காத வேலையைச் செய்ய வந்தவரின் முகத்தோடு. இன்னொரு பக்கம் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் மருமகளின் கோப்பு, கையெழுத்துக்குத் தயாராக.

கொழுந்தன் வாளியைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தான்.

"குற்றவாளிங்களைக் கூட்டிட்டு வந்திருக்கோம் மேடம். மொத்தம் முப்பது பேர். ஆளுக்குப் பதினாறு கால். யாரும் ஓட மாட்டாங்க, கொஞ்சம் மந்தம்."

தலைவி துணியை விலக்கிப் பார்த்தாள். கத்தவில்லை. வாளி அடியில் இருந்த கறுப்பு உருண்டைகளைப் பென்சிலால் புரட்டினாள். அண்ணி நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டி, நடந்ததை ஐந்து நிமிடத்தில் சொன்னாள். பேராசிரியர் 'முதல் தரம்' என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு எதையும் தொட வேண்டாம்," என்று முடித்தாள் அண்ணி. "வேலியில ஓட்டை இலை இருக்கு. கண்ணாடி வீட்டுல நல்ல இலை இருக்கு. சீல் வச்ச பாட்டில்ல ரெண்டு சொட்டு இருக்கு. நீங்களே செஞ்சு பாருங்க."

தலைவி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தாள். "எனக்கும் கையால வேலை பார்த்துப் பல வருஷம் ஆச்சு," என்றாள். குரலில் சந்தோஷம் தெரிந்தது.

அவளே பறித்தாள், அவளே அரைத்தாள், அவளே வடிகட்டினாள். பேராசிரியர் தன் கையால் சீலை உடைத்தார். பட்டையில் மூன்று புள்ளி. முதல் பாட்டில், நல்ல இலை, ஓட்டை இலை. திரவம் மெல்ல மெல்ல ஏறியது. மருமகள் ஜன்னல் ஓரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கொழுந்தன் நகம் கடித்தான். தன் நகம் தீர்ந்ததும் அண்ணியைப் பார்த்தான், அவள் முறைத்தாள்.

திரை இழுக்கப்பட்டது. ஊதா விளக்கு எரிந்தது.

முதல் வரிசையில் நீலப்புள்ளி. நடுவில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் நீலப்புள்ளி, முதலாவதற்கு நேராக, அதே உயரத்தில்.

"அப்பாடா!" என்று கத்தியது தோட்டக்காரர். அவர் எப்போது உள்ளே வந்தார் என்று யாருக்கும் தெரியாது. பேராசிரியர் மருமகளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடிகாரக்காரர் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் மருமகள்.

அண்ணி பெருமூச்சு விட்டாள். இது வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒரே உயரத்துல நிக்கறதால ஒரே பொருள்னு சொல்லிட முடியாது. வேற ரெண்டு பொருள் கூட ஒரே உயரத்துக்கு ஏறலாம். ஓட்டை இலைச் சாறைத் தட்டுல போட்டு, கோடு நிக்குதான்னு பார்த்தாத்தான் தெரியும். நின்னாலும் அது தட்டுலதான். மனுஷ உடம்புல என்ன செய்யும்னு யாருக்கும் தெரியாது. இதை மருந்துன்னு தயவுசெஞ்சு யாரும் இன்னும் சொல்லாதீங்க."

கொழுந்தனுக்கு அவளை உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஜெயித்த கேஸ்! கையெழுத்துப் போடவேண்டிய பேனா அங்கேயே கிடக்கிறது! இந்தப் பெண் எதற்காகத் தானே தன் காலை வாரிவிட்டுக்கொள்கிறாள்?

தலைவி விளக்கை அணைத்தாள், திரையை விலக்கினாள். மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ சொல்றது சரி. இந்தப் பட்டை மட்டும் இருந்திருந்தா நான் இன்னும் யோசிச்சிருப்பேன்," என்றாள். "ஆனா இருபது வருஷமா இந்த மாதிரி விசாரணையில உட்கார்றேன். தனக்குச் சாதகமா வந்த முடிவுல தானே ஓட்டை தேடற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். பொய் சொல்றவ இந்த இடத்துல வாயைத் திறந்திருக்க மாட்டா."

கோப்பை இழுத்து, காதிலிருந்த பென்சிலை ஒதுக்கி, பேனாவால் எழுதினாள். 'கலப்படம் இல்லை. ஆராய்ச்சி தொடரட்டும்.' பிறகு தோட்டக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க செஞ்சது விதிமீறல்."

தோட்டக்காரர் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதனால விதியை மாத்தறோம். அந்தக் கொடியில இனி மருந்தும் அடிக்கக் கூடாது, புழுவையும் பொறுக்கக் கூடாது. முப்பது பேருக்கும் நீங்கதான் பொறுப்பு."

அந்த ஆறடி மனிதர் வாளியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார். அக்காவுக்குப் போன் போடப் போகிறாராம்.

*

வெளியே நடையில் ஒரு பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். காலையில் வைத்திருந்த அதே டிபன் கேரியர் மடியில். இவர்கள் வெளியே வந்ததும் எழுந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கக்கூடப் பயமாக இருந்தது போலிருக்கிறது. மருமகளின் முகத்தையே பார்த்தாள்.

"கலப்படம் இல்லைன்னு எழுதிட்டாங்க அத்தை," என்றாள் மருமகள்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்து கேரியரைப் பரபரவென்று பிரித்தாள். "ரெண்டு நாள் ஆச்சு. சாப்பிடு முதல்ல."

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். அண்ணியும் கொழுந்தனும் ஏனென்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உப்பு கம்மி அத்தை," என்றாள், அடுத்த வாயை அள்ளிக்கொண்டே.

மாமியார் அவளை விட்டுவிட்டு அண்ணியின் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீங்கள்ல? நான்தான் காலையிலேயே சொன்னேனே!"